ஏரியைச் செய்யும் காற்று: வோல்டாட் மலைகளில் கற்றுக்கொண்டவை

அண்டார்டிகா பயணத்துக்குத் தேர்வான இளம் நிலவியலாளர்கள் போன் செய்தால் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். எத்தனை டிகிரி இருக்கும், எத்தனை அடுக்கு உடுப்பு வேண்டும், கை விரைத்துப்போகுமா என்றெல்லாம் கேட்பார்கள். கோடையில் நம் மைத்ரி நிலையத்தில் பகல் வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும், லடாக்கில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்கு அது தாங்கக்கூடியதே என்று சொல்லிவிட்டு, காற்றைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். அங்கே பாறை வெளியில் தெரிவது காற்றால். பனி நீலமாகப் பளபளப்பது காற்றால். சில ஏரிகள் மேலே மூடி போட்டபடி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே நிற்பதும் காற்றால். காற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டவருக்கு அந்த மலையின் பாறை, பனி, நீர் மூன்றும் ஒரே கதையாகப் புரியத் தொடங்கும். கூடாரத்தை எங்கே அடிப்பது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

நான் வேலை செய்தது கிழக்கு அண்டார்டிகாவில், ட்ரானிங் மாட் லேண்ட் பகுதியின் நடுப்பாகத்தில். கடலோரம் மிதக்கும் பனித்தட்டு. அதைத் தாண்டித் தெற்கே வந்தால் ஷிர்மாக்கர் சோலை என்ற பனியற்ற தாழ்குன்று வரிசை. மைத்ரி அங்கேதான் 1989 முதல் இருக்கிறது. ரஷ்யர்களின் நோவோலாசரெவ்ஸ்காயா நிலையம் அதற்கும் முன்பே, 1961 முதல், அதே குன்றுகளின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. இன்னும் தெற்கே பனிவிரிப்பு மெல்ல மெல்ல உயரும். அந்த வெள்ளையைக் கிழித்துக்கொண்டு எழும் மலைகள்தான் வோல்டாட் மலைத்தொகுதி: மேற்கே ஹம்போல்ட், நடுவில் பீட்டர்மன், கிழக்கே க்ரூபர். பெயர்கள் ஜெர்மானியப் பெயர்களாக இருப்பதற்குக் காரணம், 1938-39இல் ஆல்ஃப்ரெட் ரிட்ஷர் தலைமையில் ஷ்வாபன்லாந்து கப்பலில் வந்த குழு. கப்பலிலிருந்து கடல்விமானங்களை ஏவி, வானிலிருந்து 11,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். அந்த விமானிகளில் ஒருவர்தான் ஷிர்மாக்கர். தரையில் கால் வைக்காமலே எடுக்கப்பட்ட அந்தப் படங்களில்தான் இங்குள்ள ஏரிகள் முதன்முதலாகத் தெரிந்தன.

இன்று கேப்டவுனிலிருந்து இல்யூஷின் சரக்கு விமானத்தில் ஏறினால் சுமார் ஆறு மணி நேரத்தில் நோவோ ஓடுபாதையில் இறங்கலாம். அந்த ஓடுபாதையே ஒரு நிலவியல் பாடம். சக்கரம் வைத்த கனரக விமானம் நேராகப் பனிக்கட்டியின் மேல் இறங்குகிறது. மெத்தென்ற வெண்பனி அங்கே இல்லாததால்தான் அது முடிகிறது. வெண்பனியை ஒன்றுவிடாமல் துடைத்தெடுத்தது காற்று.

அந்தக் காற்று பிறப்பது தெற்கே, 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த பனிப்பீடபூமியில். அங்கே பனியைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்துப்போய், சரிவில் தண்ணீர் இறங்குவதைப் போலவே இறங்குகிறது. பூமியின் சுழற்சி அதை இடதுபக்கம் திருப்புவதால், மைத்ரியில் பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வீசும். மலைகளுக்கிடையில் புகும்போது ஒடுங்கி வேகமெடுக்கிறது. கீழே இறங்க இறங்க ஒப்பீட்டளவில் வறண்டும் போகிறது. வேகமும் வறட்சியும் சேர்ந்த அந்தக் காற்று புதிதாக விழுந்த பனியை வாரிக்கொண்டு போய்விடும், மிச்சமிருக்கும் கட்டியையும் உருகவிடாமல் நேராக ஆவியாக்கும். ஃப்ரீசரில் பல நாள் கிடந்த ஐஸ் கட்டி தானாகச் சிறுத்துப்போயிருப்பதைக் கவனித்திருப்பீர்கள், அதே செயல்தான். மேலடுக்கு இப்படிப் போகப் போக, அடியில் நூற்றாண்டுக்கணக்கில் அழுந்தி, காற்றுக்குமிழ் நெரிந்து இறுகிய பழைய பனி வெளியே வரும். அதுதான் நீலப்பனி. எங்கே நீலம் தெரிகிறதோ அங்கே வருடக் கணக்கில் வரவைவிடச் செலவு அதிகம் என்று பொருள். வரைபடத்தில் நீலத் திட்டுகளை மட்டும் குறித்துப் பார்த்தாலே காற்று எந்தப் பள்ளத்தாக்கு வழியாக இறங்குகிறது என்று கோடு போட்டுவிடலாம்.

களத்தில் இது எப்படி உதவும்? காற்று ஒரே திசையிலிருந்து வீசுவதால் வெண்பனி இருக்கும் இடங்களில் அது சாஸ்த்ருகி எனப்படும் கூரான வரப்புகளைச் செதுக்கிவைத்திருக்கும். நீளவாக்கில் அவை காற்றின் திசையையே காட்டும். வானமும் தரையும் ஒன்றாகி நிழலே இல்லாமல் போகும் வெள்ளைத்திரை நாட்களில், பூட்ஸுக்கு அடியில் அந்த வரப்புகளை எந்தக் கோணத்தில் கடக்கிறோம் என்று உணர்ந்துகொண்டே நடந்தால் திசை பிசகாது. ஜிபிஎஸ் கையில் இருக்கும்தான். ஆனால் பேட்டரி குளிரில் திடீரென்று உயிரை விடும். இரண்டையும் பழகிக்கொள்வது நல்லது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் குழுவுக்கு வழிகாட்டியாக வந்த லடாக்கி மலையேற்ற வீரர். "சார், கண்ணை நம்பாதீங்க, காலை நம்புங்க" என்பார்.

நேரக் கணக்கும் காற்றை வைத்துத்தான். கோடையில் சூரியன் மறைவதில்லை என்றாலும் நாள் முழுதும் ஒரே மாதிரி இருக்காது. சூரியன் தாழ்ந்திருக்கும் நள்ளிரவு முதல் காலை வரை பீடபூமி அதிகம் குளிர்ந்து, சரிவுக்காற்று வலுவாக இருக்கும். நண்பகலைத் தாண்டினால் தணியும். மலைச்சரிவில் ஏறி மாதிரி எடுக்கும் வேலையைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஷிர்மாக்கரைச் சுற்றிய நீலப்பனியில் இதற்கு நேர்மாறான கணக்கு ஒன்று உண்டு. அங்கே பிற்பகலில் பனியின் மேல் உருகுநீர் ஓடைகள் ஓடும். காலையில் உறைந்து கிடந்த ஓடையை ஒரே எட்டில் தாண்டிப் போயிருப்பீர்கள். திரும்பி வரும்போது அதே இடத்தில் முழங்காலுக்கு மேல் நீர் இழுத்துக்கொண்டு ஓடும், அடித்தளமோ கண்ணாடி வழுக்கல். ஆகவே பனியைக் கடக்க வேண்டிய நாளில் விடியற்காலைக் காற்றைப் பொறுத்துக்கொண்டு கிளம்பி, நண்பகலுக்குள் பாறையைத் தொட்டுவிட வேண்டும். திரும்புவதற்கு இரவு ஒன்பது, பத்து மணி வரைகூடக் காத்திருக்கலாம், வெளிச்சம்தான் இருக்கிறதே.

கூடாரம் போடும் இடம் அடுத்த விஷயம். மலைச்சிகரம் ஒன்று பனியைத் துளைத்து நிற்கும் இடத்தில், காற்று மோதும் பக்கம் ஆழமான பள்ளம் தோண்டப்பட்டிருக்கும். மறுபக்கம் நீளமான பனிவால் படிந்திருக்கும். பள்ளத்தின் அடி அமைதியாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் மேல் விளிம்பிலிருந்து பனிக்கட்டியும் கல்லும் விழக்கூடிய இடம் அது. பனிவாலில் போட்டால் ஒரே இரவில் கூடாரம் பாதி புதைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், பாறையின் பக்கவாட்டில், தரையில் பழைய பனியாற்றுக் கற்கள் பரவிக் கிடக்கும் திடமான மேடு கிடைத்தால் அதுவே சிறந்தது. கற்களைக் கூடாரத்தின் ஓரமடிப்பில் வரிசையாக அடுக்கிவிடலாம். வேலை முடிந்து கிளம்பும்போது அவற்றை எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும்.

கூடாரத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றை அழுத்திச் சொல்லாமல் என்னால் கடக்க முடியாது. 1990 ஜனவரியில், ஒன்பதாவது இந்தியப் பயணத்தின்போது, இதே வோல்டாட் தொகுதியின் ஹம்போல்ட் மலையில் முகாமிட்டிருந்த நம்மவர்கள் நான்கு பேர் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்துபோனார்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. காற்று உக்கிரமாக வீசும் இரவில் எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டுக் கதகதப்பாகத் தூங்கத்தான் மனம் சொல்லும். அடைக்காதீர்கள். மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு எப்போதும் இருக்கட்டும். வெளியே பனி குவிந்து அவற்றை மூடிவிட்டதா என்று இரவிலும் எழுந்து பாருங்கள். அடுப்போ ஹீட்டரோ எரிந்துகொண்டிருக்க ஒருவரும் தூங்கக் கூடாது. ஜெனரேட்டர் கூடாரத்தைவிட்டுத் தள்ளி, காற்று போகும் பக்கம் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும், அதற்கு மாற்றுப் பேட்டரி உங்கள் சட்டைப்பைக்குள் இருக்கட்டும். முகாமின் முதல் இரவில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எங்கள் குழுவில் படுப்போம்.

இனி ஏரிகள். ஷிர்மாக்கர் சோலை கிழக்கு மேற்காக சுமார் 20 கிலோமீட்டர் நீளம், பரப்பு 35 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளும் குட்டைகளும் இருக்கின்றன. தெற்கு விளிம்பில் பனிவிரிப்பின் மூக்கை உரசிக்கொண்டு சில நிற்கும், உருகுநீர் நேரடியாக அவற்றில் விழும். நடுவில் பனியின் தொடர்பு அறுந்துபோன உள்நாட்டு ஏரிகள். மைத்ரிக்குக் குடிநீர் கொடுக்கும் பிரியதர்சினி இந்தக் குன்றுகளுக்கு நடுவேதான் இருக்கிறது. வடக்கு விளிம்பிலோ விநோதமான வகை ஒன்று: ஒரு கரை பாறை, மறு கரை மிதக்கும் பனித்தட்டு. பனித்தட்டுக்கு அடியில் கடலோடு தொடர்பு இருப்பதால் அலை ஏற்றவற்றத்துக்கு ஏற்ப அந்த ஏரியின் பனிமூடியும் ஏறி இறங்கும், கரையோரப் பனி எப்போதும் உடைந்து குவிந்து கிடக்கும். அந்த விளிம்பில் கயிறு கட்டாமல் இறங்கவே கூடாது.

மற்ற ஏரிகளில் கோடையில் உருகுவது கரையோரம்தான் முதலில். கருப்புப் பாறை வெயிலை உறிஞ்சிப் பக்கத்துப் பனியைச் சூடாக்கும். ஏரியின் நடுவில் இரண்டு மீட்டர் கனத்துக்குப் பனி உறுதியாக இருக்கும்போதே கரையை ஒட்டி அகழி போல நீர் திறந்திருக்கும், அல்லது மெல்லிய தகடு அதை மூடியிருக்கும். நம் ஊர்க் குளத்தில் கரை பத்திரம், நடு ஆபத்து. இங்கே தலைகீழ். மேலும், நீர் எடுத்து ஆய்வு செய்யப் போகிறவர்கள் கரையில் இருக்கும் பாசியை மிதிக்காமல் கல்லுக்குக் கல் தாவிப் போங்கள். பச்சையாக இல்லாமல் கருப்பாக, உலர்ந்து செத்தது போலத் தெரியும். ஈரம் பட்டதும் உயிர் வரும். ஒரு பூட்ஸ் தடம் அதில் பல்லாண்டு நிற்கும்.

பாறையைப் பொறுத்தவரை ஷிர்மாக்கர் எனக்கு அந்நியமாகவே இருக்கவில்லை. கார்னெட், சில்லிமனைட் கனிமங்கள் மினுங்கும், பட்டை பட்டையான நைஸ் பாறைகள், கொழுப்புப் பசை படிந்தது போன்ற பச்சைகலந்த சாம்பல் சார்னக்கைட், நடுவில் கரும்பட்டையாக, ஆழத்தில் வெந்து உருமாறிய பைராக்சீன் கிரானுலைட். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கையில் எடுத்துப் பார்த்துப் பழகியவர்கள் இவற்றை உடனே அடையாளம் சொல்லிவிடுவார்கள். தாமஸ் ஹாலண்ட் உலகுக்கு முதலில் விவரித்த சார்னக்கைட் சென்னைக் குன்றுகளிலிருந்து வந்ததுதான். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்த கோண்ட்வானா பெருங்கண்டம் ஒன்று சேர்ந்தபோது, சுமார் 65 கோடி முதல் 50 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து அண்டார்டிகா வரை ஒரு பெரும் மலைத்தொடர் எழுந்தது. மதுரை வட்டாரப் பாறைகளும், இலங்கைப் பாறைகளும், ட்ரானிங் மாட் லேண்ட் பாறைகளும் அந்தக் காலத்தில் பூமிக்கு அடியில் பல பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தவை. ஊரில் அரையடி மண்ணுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே துண்டு துண்டாகப் பார்த்ததை, அங்கே கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு புல் கூட மறைக்காமல் தொடர்ந்து பார்க்கலாம். இந்திய மாணவர்களுக்கு நான் சொல்லும் ஆலோசனை: போவதற்கு முன் ஒரு மாதமாவது தென்னிந்திய கிரானுலைட் பகுதியில் நடந்துவிட்டுப் போங்கள். அங்கே களத்தில் கிடைக்கும் நேரம் விலைமதிப்பற்றது. பாறையை அடையாளம் காண்பதில் அதைச் செலவழிக்கக் கூடாது.

ஹெலிகாப்டரில் மைத்ரியிலிருந்து தென்கிழக்கே சுமார் 90 கிலோமீட்டர் போனால் க்ரூபர் மலை. சிகரங்கள் 2,000 மீட்டரைத் தாண்டும். மலையே ஒரே பாறை: அனார்த்தோசைட். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பிளேஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் என்ற ஒரே கனிமம், சுமார் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பிலிருந்து படிகமாகித் திரண்டது. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி அனார்த்தோசைட்டை அறிந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது வெளிறிய வெண்ணிறம், அடுக்கடுக்கானது, இதைவிடப் பலமடங்கு பழையது. க்ரூபரில் பெரும்பாலும் கருஞ்சாம்பல், சில இடங்களில் ஊதா சாயல். உள்ளங்கை அகலப் படிகங்கள்கூட உண்டு. பெயர் ஒன்றானாலும் பிறப்பு வேறு.

இந்தப் பாறையின் காலடியில்தான் உன்டர்சே ஏரி. ஆறரை கிலோமீட்டர் நீளம், இரண்டரை கிலோமீட்டர் அகலம், மிக ஆழமான இடத்தில் 169 மீட்டர். வடக்கே அனுச்சின் பனியாறு அணையாக நின்று அடைத்திருக்கிறது. மற்ற பக்கங்களில் செங்குத்துச் சுவர்கள். மேலே சுமார் 3 மீட்டர் கனத்துக்குப் பனிமூடி, கோடையிலும் திறக்காதது. ஷிர்மாக்கர் ஏரிகளைப் பார்த்துவிட்டு இங்கே வருபவர்கள் கரையோர அகழியைத் தேடுவார்கள். இருக்காது. காரணம் மறுபடியும் காற்றுதான். வெயில் கொடுக்கும் வெப்பத்தையெல்லாம் காற்று ஆவியாக்கலுக்கே செலவழித்துவிடுவதால் உருகுவதற்கு மிச்சம் இருப்பதில்லை. மேற்பரப்பு ஆண்டுக்கு அரை மீட்டர் அளவுக்குக் காற்றில் கரைகிறது. அதை ஈடுகட்ட அடியில் ஏரிநீர் உறைந்து ஒட்டிக்கொள்கிறது. கனம் மாறாது. ஏரிக்குள் புதுநீர் வருவதோ பனியாற்றின் மூழ்கிய சுவர் நீருக்குள்ளேயே உருகுவதால். வெளிக்காற்றை ஒருபோதும் தொடாத ஏரி.

இதன் விளைவுகளை நினைத்துப் பார்த்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். நீர் உறையும்போது கரைந்திருக்கும் வாயுக்களைக் கட்டிக்குள் முழுதாக ஏற்காமல் கீழே தள்ளுகிறது, பனியாற்றிலிருந்து வரும் நீரும் தன்னுடன் பழங்காற்றுக் குமிழ்களைக் கொண்டுவருகிறது. அதனால் ஆக்சிஜன் மிகைச்செறிவில் இருக்கிறது. அனார்த்தோசைட் மாவு நீரில் மெல்லச் சிதையும்போது கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடைத் தின்றுவிடுகிறது. வளிமண்டலத்திலிருந்து புதிதாக வர வழியில்லை. பிஎச் அளவு பத்தைத் தாண்டிப் போய்விட்டது, சோப்புக்கரைசலின் காரத்தன்மை. சுற்றியிருக்கும் மலை கிரானைட்டாக இருந்திருந்தால், அல்லது ஏரி கோடையில் ஓரிரு வாரம் திறந்திருந்தால், இந்த நீர் இப்படி ஆகியிருக்காது. தெற்குப் பகுதியில், நீரடி மேடு ஒன்றால் பிரிக்கப்பட்ட சுமார் 100 மீட்டர் ஆழப் பள்ளத்திலோ எல்லாம் தலைகீழ்: அடியில் ஆக்சிஜனே இல்லை, மீத்தேன் மட்டும் இயற்கை ஏரிகளில் அளக்கப்பட்ட மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்றாகத் தேங்கியிருக்கிறது.

டேல் ஆண்டர்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் பனியில் துளையிட்டு உள்ளே முக்குளித்தபோது ஏரித்தரையில் அரை மீட்டர் உயரம்வரை கூம்புகள் நிற்பதைக் கண்டார்கள். 2011இல் அது வெளியானது. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள், இம்மியளவு சேறு படியப் படிய அதன்மேல் ஏறி ஏறிக் கட்டிய அடுக்குக் கூம்புகள். 300 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஆஸ்திரேலியப் பாறைகளில் புதைபடிவமாக மட்டும் தெரிந்த வடிவத்துக்கு நெருக்கமான ஒன்று, உயிரோடு இங்கே இருக்கிறது. மீனோ, மேய்ந்து தின்னும் புழுவோ இல்லாததால்தான் அவை அவ்வளவு நிதானமாக வளர முடிந்தது. நான் பனிமூடியின் மேல் நின்ற பாறைக்காரன்தான், நீருக்குள் போனதில்லை. ஆனால் அந்த மூடியின் மேல் நிற்கும்போது அடியில் என்ன நிற்கிறது என்று தெரிந்திருப்பது வேலை செய்யும் முறையையே மாற்றிவிடும். எண்ணெய்ச் சொட்டு, சோப்பு நுரை, சிந்திய தேநீர் எதுவானாலும் போக வேறு இடம் இல்லை. அந்த ஏரிக்கு வடிகால் கிடையாது. பனி ஸ்கூட்டருக்கு எரிபொருள் ஊற்றுவதைக் கரையில், தட்டின் மேல் வைத்துத்தான் செய்வோம். மனிதக் கழிவு முழுவதும் டப்பாவில் அடைத்துத் திரும்ப எடுத்துவரப்படும். அண்டார்டிகாவின் சூழலைக் காக்க 1998இல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் ஒப்பந்தத்தின் விதிமுறைகள் ஒரு பக்கம் இருக்கட்டும், நின்று பார்த்தவர்களுக்கு விதி சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏரிப்பனியில் நடக்கும் முறை: பூட்ஸில் மாட்டும் கிராம்பானின் முள் கூராக இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். காற்று மெருகேற்றிய பரப்பில் மழுங்கிய முள் பிடிக்காது, முதுகில் பை இருந்தால் காற்று பாய்மரம் போலத் தள்ளிக்கொண்டு போகும். காலுக்கடியில் துப்பாக்கி வெடித்தது போல ஓசை எழும், விரிசல் ஒன்று ஓடி மறையும். வெப்பம் மாறும்போது பனி சுருங்கி விரிவதன் சத்தம் அது, மூன்று மீட்டர் கனத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பயப்பட வேண்டியது பனியாற்றின் மேல் இருக்கும் வட்டமான பளிங்குத் திட்டுகளுக்கு. கல்லோ மணலோ வெயிலில் சூடேறிப் பனிக்குள் இறங்கிய குழிகள் அவை. மேலே மெல்லிய மூடி, உள்ளே நீர். கணுக்கால் திருகிக்கொள்ளப் போதுமான ஆழம்.

உன்டர்சேக்கு வடகிழக்கே ஓபர்சே என்று இன்னொரு ஏரி இருக்கிறது. அதையும் பனியாறுதான் அடைத்திருக்கிறது. 2019 ஜனவரியில் அதன் நீர் பனியணையைத் தாண்டி உன்டர்சேக்குள் பாய்ந்தது. கீழ் ஏரியின் மட்டம் 2 மீட்டர் உயர்ந்தது, கலங்கல் பரவி வெளிச்சம் குறைந்தது, கூடவே வந்த கார்பன் டை ஆக்சைடு பட்டினி கிடந்த நுண்ணுயிர்களுக்குத் தீனியானது. மூடிய ஏரி என்று நாம் சொல்வதற்கும் எப்போதாவது ஒரு கதவு திறக்கிறது. ஆகவே களத்தில் பழைய கரைக்கோடுகளைத் தேடுங்கள்: சரிவில் கிடைமட்டமாக ஓடும் கல்வரிசை, நுண்மணல் படிந்த திட்டு, காய்ந்த பாசித்தகடு. ஒவ்வொன்றின் உயரத்தையும் இன்றைய மட்டத்திலிருந்து அளந்து குறித்துவையுங்கள். உங்கள் பாறை வேலைக்குத் தொடர்பில்லாததாகத் தோன்றினாலும் ஏரிக்காரர்களுக்கு அது பொன்.

அதேபோல் பறவை. இந்தச் சரிவுகளின் கற்குவியல்களுக்குள் வெண்பனிப் பெட்ரல் என்ற கடற்பறவைகள் கூடு கட்டுகின்றன, கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் பறந்து வந்து. பயந்தால் வயிற்றிலிருக்கும் எண்ணெயைத் துப்பும். அந்த எண்ணெய் கூட்டு வாசலில் மெழுகாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். இங்கே கிடைத்த அடுக்குகளின் கார்பன் வயது 30,000 ஆண்டுகளுக்கு மேல் போகிறது. உலகம் உச்சப் பனிக்காலத்தில் இருந்தபோதும் இந்தச் சரிவு பனியால் மூடப்படாமல், பறவை வந்து குடியிருக்கும்படி இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி இல்லை. கூட்டுக்கு அருகில் சுத்தியல் போடாதீர்கள். தாய்ப்பறவை எழுந்து போனால் ஸ்குவா என்ற கொள்ளைப் பறவை காத்துக்கொண்டிருக்கும்.

பனி எந்த உயரம்வரை இருந்தது, எப்போது இறங்கியது என்று அறிய, பனியாறு தூக்கிவந்து போட்டுப்போன அந்நியப் பாறைகளை எடுத்து, காஸ்மிக் கதிர் எவ்வளவு காலம் அவற்றின்மேல் பட்டது என்று கணக்கிடுவோம். அந்தக் கதிர் கல்லுக்குள் உண்டாக்கும் பெரிலியம்-10 அணுக்களை எண்ணும் முறைக்குக் குவார்ட்ஸ் வேண்டும், அனார்த்தோசைட்டில் அது கிடையாது. ஆனால் கருஞ்சாம்பல் மலையில் வெளிர்நிற நைஸ் கல் ஒன்று கிடந்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும், அதில் குவார்ட்ஸும் இருக்கும். உருண்டு வந்திருக்க வாய்ப்பில்லாத தட்டையான இடத்தில், முடிந்தால் தளப்பாறையின் மேலேயே அமர்ந்திருக்கும் கல்லாகப் பாருங்கள். மேற்புறத்தின் சில சென்டிமீட்டர் போதும். எடுப்பதற்கு முன் படம், சுற்றிலும் தொடுவானம் எத்தனை டிகிரி மறைகிறது என்ற அளவு, கனம், சாய்வு எல்லாம் குறிக்க வேண்டும். ஊருக்கு வந்தபிறகு இவற்றில் எதையும் திரும்பப் பெற முடியாது.

சில்லறை விஷயங்கள்: பேனா உறையும், பென்சில் எழுதும். மாதிரியின் எண்ணைக் கல்லின் மேலும் பையின் மேலும் எழுதுங்கள், பிளாஸ்டிக் பை குளிரில் நொறுங்கும், துணிப்பை நிற்கும். கேமராவைக் கூடாரத்துக்குள் கொண்டுவரும்போது மூடிய பைக்குள் வைத்தே கொண்டுவந்து அரைமணி விடுங்கள், லென்ஸில் நீர் கோக்காது. வெயில் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். நீலப்பனி கீழிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் மூக்கின் அடிப்புறமும் காதுமடலின் கீழும்கூடக் கருகும், அங்கேயும் களிம்பு வேண்டும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், அந்த வறட்சி ஏரியையே குடிக்கிறது.

கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம்தான் பயணங்களை நடத்துகிறது. ஆய்வுத் திட்டங்களை அவர்களுக்குத்தான் அனுப்ப வேண்டும். தேர்வானால் மருத்துவப் பரிசோதனையும், ஔலியில் பனிமலைப் பயிற்சியும் உண்டு. திட்டம் எழுதும்போது மலையில் எத்தனை நாள் வேண்டும் என்ற கட்டம் வரும். வேலைக்கு எவ்வளவு நாள் என்று கணக்குப் போட்டு, அதே அளவு நாளைக் காற்றுக்கென்று கூட்டி எழுதுங்கள். முதன்மைத் தளம் ஒன்று, ஹெலிகாப்டர் மலைக்குப் பறக்க முடியாத நாளுக்கு மைத்ரியிலிருந்து நடந்தே போகக்கூடிய மாற்றுத் தளம் ஒன்று என இரண்டையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். மாற்றுத் தளத்துக்கு ஷிர்மாக்கரின் தெற்கு விளிம்பு ஏரிகளையும் தட்சிண கங்கோத்ரி பனியாற்று முனையையும் நான் பரிந்துரைப்பேன். அந்த முனை எவ்வளவு பின்வாங்குகிறது என்பதை நம் நிலவியல் ஆய்வகம் 1983 முதல் அளந்துவருகிறது, உங்கள் அளவுகளை ஒப்பிட அங்கே நீண்ட தொடர் காத்திருக்கிறது.